ஒரு அடிக்கு முந்நூறு எம்.எம்.

ஷார்ட்கட் கீ பட்டியல் தேடி வந்தவர்கள் இந்தப் பக்கத்தை இப்போதே மூடிவிட்டுப் போகலாம், எனக்கு வருத்தமில்லை. போன மாதம் நம் வரைவாளர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி, "அக்கா, ரிட்டயர்டு ஆகிட்டீங்க, சும்மாதான இருக்கீங்க, புதுசா வந்தவங்களுக்கு அஞ்சு டிப்ஸ் போடுங்க" என்று கேட்டிருந்தார். சும்மாதான் இருக்கிறேனாம்! இத்தனை வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து கிடந்த கழுத்தை நிமிர்த்துவதே இப்போது எனக்கு முழுநேர வேலை. டிப்ஸ் எல்லாம் என்னிடம் கிடையாது. நான் செய்த ஒரு பெரிய தப்பு இருக்கிறது. அதை ஒளிக்காமல் சொல்கிறேன். டிப்ஸ் வேண்டுமென்றால் அதிலிருந்து நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்த்தது மதுரை கே.கே. நகரில் ஒரு பொறியாளரின் அலுவலகம். முதல் மாடி, மூன்று கம்ப்யூட்டர், ஒரு பெரிய பிரின்டர். சார், நான், கனகா. அவ்வளவுதான் ஆபீஸ். வரைபடத்தின் மூலையில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் இருக்குமல்லவா, அதில் இருபத்தெட்டு வருஷமாக என் கையெழுத்துதான். "ஸ்டெல்லாம்மா பாத்துட்டாங்களா? அப்ப அனுப்பிரு" என்று சார் சொல்வார். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிப்போயிருந்தது. கொஞ்சம் என்ன, நன்றாகவே ஏறியிருந்தது.

அந்தத் தப்பு நடந்தபோது கனகா வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வில்லாபுரத்துக்காரி. பாலிடெக்னிக்கில் நல்ல மார்க் வாங்கியவள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, மகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு மறுபடி வேலைக்கு வந்திருந்தாள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சார் சொல்லியிருந்தார். முதல் வாரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "படிச்சதெல்லாம் மறந்துருச்சோன்னு பயமா இருக்குக்கா. ஒரு கூட்டல் போட்டாக்கூட ரெண்டு தடவை போட்டுப் பாக்குறேன்."

வீட்டில் அவளை யாரும் தடுக்கவில்லை. ஆனால் இம்புட்டு வருஷம் கழித்து உனக்கு எங்கே அதெல்லாம் வரப்போகிறது என்று ஆளுக்கு ஒரு தடவை கேட்டுவிட்டார்கள். அவளே தன்னை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளத்தான் அவள் தினமும் ஷேர் ஆட்டோ ஏறி எங்கள் ஆபீசுக்கு வந்துகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

இனி கால்குலேட்டருக்கு வருகிறேன். நாம் வரைகிற மென்பொருளுக்குள்ளேயே ஒரு கால்குலேட்டர் உண்டு. கன்ட்ரோலையும் எட்டையும் சேர்த்து அமுக்கினால் ஓரத்தில் வந்து நிற்கும். கணக்கைப் போட்டால் விடையை நேராகக் கோட்டின் நீளமாகக் கொடுத்துவிடலாம். போட்ட கணக்கெல்லாம் அதிலேயே வரிசையாகத் தங்கியிருக்கும். அது போக, அடிக்கடி வருகிற எண்ணுக்கு ஒரு பெயர் வைத்துச் சேமித்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது.

மதுரையில் இந்தக் கடைசி வசதி இல்லாமல் பிழைக்க முடியாது. நாம் வரைவது எம்.எம்.இல். மேஸ்திரி, வீட்டுக்காரர், இரும்புப் பட்டறைக்காரர் அம்புட்டுப் பேரும் பேசுவது அடியில். அதனால் மூன்று கம்ப்யூட்டரிலும் கால்குலேட்டருக்குள் 'அடி' என்று ஒரு பெயர் வைத்து, ஆங்கில எழுத்தில்தான், 304.8 என்று நானே சேமித்து வைத்திருந்தேன். பத்து அடி என்றால் பத்து பெருக்கல் அடி. முடிந்தது. இந்த ஏற்பாட்டை நான்தான் கண்டுபிடித்தேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை வேறு அடித்துக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை. அரை நாள்தான் ஆபீஸ், கனகா மதியமே கிளம்பிவிட்டாள். பக்கத்துத் தெரு டாக்டரம்மா வீட்டு சமையலறைக்கு அலமாரி அமைப்பு அன்றைக்கே வேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். என் கம்ப்யூட்டரோ அப்டேட் என்று சொல்லி முப்பத்தேழு சதவீதத்தில் உட்கார்ந்துவிட்டது. சரியென்று கனகாவின் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தேன்.

ரெடிமேட் அலமாரிகள் 300, 450, 600, 750 எம்.எம். என்ற அகலத்தில்தான் வரும். டாக்டரம்மா இரண்டு அடி, ஒன்றரை அடி என்று சொல்கிறார். இரண்டை அடியால் பெருக்கினால் 609.6 வருகிறது. அந்த அளவில் உலகத்தில் எங்கேயும் அலமாரி கிடையாது. ஒவ்வொன்றாகத் திருத்த எரிச்சலாக இருந்தது. கால்குலேட்டருக்குள் போய் 'அடி'யின் மதிப்பை 300 என்று மாற்றிவிட்டேன். அதன் பிறகு வேலை வழுக்கிக்கொண்டு போனது. 600, 450, 750. முடித்து, அனுப்பி, கம்ப்யூட்டரை அணைத்து, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். திங்கட்கிழமை வந்து பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. திங்கட்கிழமை அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அப்படிச் சேமித்த எண் வரைபடத்தை மூடினால் போகாது. கம்ப்யூட்டரை அணைத்தாலும் போகாது. அந்த மேசையில் அடுத்து யார் உட்கார்ந்தாலும் அவர்களுக்கு அதுதான் அடி. ஒரு அடிக்கு 4.8 எம்.எம். குறைவு, ஒரு பென்சில் தடிமன்கூட இல்லை. யார் கண்ணிலும் படாது.

அந்த வாரம்தான் கனகாவுக்கு முதல் பெரிய வேலை கிடைத்தது. வில்லாபுரம் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடம், பிள்ளைகள் உட்கார்ந்து மதியம் சாப்பிட ஒரு கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தூண்கள் எழும்பிவிட்டன. தூண் தலையில் போல்ட்டுகளும் பதித்தாயிற்று. மேலே தகரக் கூரையைத் தாங்க எட்டு இரும்புச் சட்டங்கள், நாம் டிரஸ் என்கிறோமே, அவை வேண்டும். போல்ட்டுக்கு போல்ட் நாற்பது அடி ஒன்பது அங்குலம் என்று சைட்டில் இருந்து அளவு வந்தது. கனகா திங்கட்கிழமை கால்குலேட்டரில் 40.75 பெருக்கல் அடி என்று போட்டாள். 12225 என்று வந்தது. அதை அப்படியே வைத்து வரைந்தாள். இரண்டு தடவை போட்டுப் பார்த்தாளாம். இரண்டு தடவையும் அதே விடைதான் வரும், வேறென்ன வரும்?

செவ்வாய்க்கிழமை என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். நான் ஆங்கிள் இரும்புகளின் அளவுகளைப் பார்த்தேன், போல்ட் துளைகளைப் பார்த்தேன், எழுத்துப் பிழைகூடப் பார்த்தேன். நீளத்தை மட்டும் பார்க்கவில்லை. கால்குலேட்டர் கொடுத்தது, அதில் என்ன தப்பு வரும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். சார் அன்றைக்கே அவனியாபுரம் பட்டறைக்கு அனுப்பி, புதன்கிழமை காலையில் வெட்ட ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை பத்து மணி இருக்கும். டாக்டரம்மா ஏதோ மாற்றச் சொல்லியிருந்தார். அந்த வரைபடம் கனகாவின் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது என்று போய் உட்கார்ந்தேன். கனகா கீழே ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தாள். சார் பேங்குக்குப் போயிருந்தார். கால்குலேட்டரைத் திறந்தேன். கடைசி வரியில் 40.75 பெருக்கல் அடி, 12225 என்று நின்றது.

நாற்பது அடி என்றால் பன்னிரண்டு மீட்டரும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டும் என்பது எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அதற்கு மேலே இன்னும் ஒன்பது அங்குலம் இருக்கிறது. பன்னிரண்டு நானூற்றுச் சொச்சம் வந்திருக்க வேண்டும். ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அடுத்த நொடி சனிக்கிழமை ஞாபகம் வந்தது.

கணக்குப் போட்டேன். ஒவ்வொரு டிரஸ்ஸும் ஏழே முக்கால் அங்குலம் குறைவு. தூக்கி வைத்தால் போல்ட்டுக்கு எட்டாது. எட்டாத இரும்பை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். ஒரு துண்டை வைத்து வெல்டு அடித்து நீட்டுவார்கள். அப்படி ஒட்டுப்போட்ட கூரைக்குக் கீழே பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பதற்றத்தில் கை தானாகச் செய்த முதல் வேலையைச் சொல்கிறேன், கவனியுங்கள். 300ஐ அழித்து 304.8 என்று மாற்றினேன். இன்னொரு தப்பு நடந்துவிடக் கூடாதே என்ற நினைப்பில் செய்ததுதான். அந்த நேரத்தில் எனக்கு வேறு எண்ணம் இல்லை, நம்புங்கள். ஆனால் நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பாருங்கள். என் தடத்தை நானே அழித்துவிட்டேன். இப்போது கால்குலேட்டர் சரியாக இருக்கிறது, வரைபடம் தப்பாக இருக்கிறது. வரைந்தவள் கனகா.

பட்டறைக்காரர் செல்லப்பாண்டி அண்ணனுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாட்ஸ்அப்பில் நிறுத்துங்கள் என்று போட்டேன். பார்க்கவில்லை. இரும்பு வெட்டுகிற சத்தத்தில் அவருக்குப் போன் எங்கே கேட்கும்? சாரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. வெட்கம், வேறொன்றுமில்லை. படியில் எதிரே வந்த கனகாவிடம், "அவனியாபுரம் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

வைகைப் பாலம் தாண்டி, தெப்பக்குளம் சுற்றி, வில்லாபுரம் வழியாகப் போனேன். ஒவ்வொரு சிக்னலிலும் இன்னொரு ஆங்கிள் வெட்டுப்படுவதாகவே தோன்றியது. ஜெபம் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். நடுவில் குறுக்கே வந்த ஒரு ஷேர் ஆட்டோக்காரரைத் திட்டியதும் அதே வாய்தான், கர்த்தர் மன்னிப்பார்.

பட்டறைக்குள் நுழைந்தால் பொறி பறக்கிறது, காதைப் பிளக்கிற சத்தம். செல்லப்பாண்டி அண்ணன் கண்ணாடி மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கிறார். "அண்ணே" என்று கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. கிட்டே போய்த் தொட்டால் அவர் கை தவறி ஏதாவது ஆகிவிடும். வாசலை ஒட்டி மெயின் சுவிட்ச் கண்ணில் பட்டது. பிடித்து இழுத்துவிட்டேன்.

பட்டறை மொத்தமும் கப்சிப். நாலைந்து பேர் திரும்பி என்னையே பார்க்கிறார்கள். மற்றவர்கள் பட்டறையில் மெயினை இறக்குவது எப்பேர்ப்பட்ட அத்துமீறல் என்று அந்த முகங்களைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்னக்கா, ஈபிக்காரங்களே இப்படிப் பண்ண மாட்டாங்களே" என்றார். நீளம் குறைந்துபோய்விட்டது, வெட்டாதீர்கள் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் வரைபடத்தை எடுத்துப் பார்த்தார், வெட்டிய இரும்பைப் பார்த்தார்.

"ரெண்டு ஆங்கிள்தான்க்கா போயிருக்கு. அந்தப் பள்ளிக்கூடத்துலயே வராண்டாவுக்குச் சின்ன கூரை இருக்குல்ல, அதுக்குப் போட்டுக்கலாம். ஒண்ணும் வீணில்ல."

எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. அங்கே கிடந்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி, புதிதாக வந்திருக்கிற அந்தப் பெண் போட்டதா என்று கேட்டார். நான் தலையை ஆட்டவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டேன். அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்.

திரும்புகிற வழியில் தெப்பக்குளம் பக்கம் வண்டியை நிறுத்தி ஒரு இளநீர் குடித்தேன். அவ்வளவு நிம்மதி. ரசித்துக் குடித்தேன், வழுக்கையைக்கூட விடவில்லை. அந்த நேரத்தில் ஆபீசில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரிந்திருந்தால் அது தொண்டையில் இறங்கியிருக்காது.

செல்லப்பாண்டி அண்ணன் நல்ல மனுஷர். விஷயத்தை சாருக்குச் சொல்ல வேண்டியது முறை என்று உடனே போன் செய்துவிட்டார். புதிதாக வந்த அம்மா அளவைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள், ஸ்டெல்லா அக்கா ஓடிவந்து காப்பாற்றிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். நான் மாடியேறி உள்ளே நுழைந்தபோது சார் கனகாவின் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கனகாவும் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

சார் மேலே நின்ற பழைய வரிகளைக் கவனிக்காமல் கால்குலேட்டரில் 40.75 பெருக்கல் அடி என்று அடித்தார். 12420.6 என்று வந்தது. சரியான விடை. அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. அமைதியாகத்தான் கேட்டார், கால்குலேட்டர் ஒழுங்காகத்தானே சொல்கிறது, நீ எதைப் போட்டு 12225 கொண்டுவந்தாய் என்று.

கனகா திரையையே பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். தன் கண் முன்னாலேயே தன் கணக்கு பொய்யாவதைப் பார்க்கிற முகம் அது. "நான் ரெண்டு தடவை போட்டேன் சார்" என்று ஆரம்பித்தாள். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "நாந்தான் ஏதோ தப்பா அடிச்சிருப்பேன். எனக்கு முன்ன மாதிரி வரல சார்."

கணக்கிலேயே இவ்வளவு தூரம் தவறினால் இந்த வேலைக்குக் கஷ்டம், மாதக் கடைசியில் உட்கார்ந்து பேசுவோம் என்றார் சார். அதன் அர்த்தம் எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். என் பக்கம் திரும்பி, "நல்ல வேளை, நீங்க பாத்தீங்க ஸ்டெல்லாம்மா" என்றார்.

பிள்ளைகளே, இங்கேதான் என்னைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்று தெரிந்தது. நான் உடனே சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்தேன், குடித்தேன், மூடினேன், பைக்குள் வைத்தேன். இருபத்தெட்டு வருஷத்துப் பேர் போய்விடுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவளுக்குச் சின்ன வயசுதானே, வேறு ஆபீஸ் கிடைக்கும் என்றுகூட ஒரு குரல் உள்ளே சொன்னது. அசிங்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னது. அப்போது கனகா கைப்பையைத் தேடினாள். கர்சீப் எடுக்கத்தான். வேறெதுவும் யோசிக்காமல் வாயைத் திறந்துவிட்டேன்.

"சார், கனகா போட்டது சரி. அடிய மாத்தி வச்சது நான்."

சார் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, ஒரு மாதிரி கனிவு இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது, இந்த மனுஷர் என்னை நம்பவில்லை! பாவப்பட்ட பெண்ணைக் காப்பாற்ற நான் பழியை ஏற்றுக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரியும், இது அப்படி விடுகிற விஷயம் இல்லை என்று எனக்கே சமாதானம் சொன்னார். கனகாவும், "வேணாம்க்கா, எனக்காகச் சொல்லாதீங்க" என்றாள்.

நான் செய்த தப்பை நான்தான் செய்தேன் என்று நிரூபிக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! நல்ல பேர் எடுத்து வைத்திருப்பது இப்படியெல்லாம் இடைஞ்சல் செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கால்குலேட்டரில் பழைய கணக்குகள் வரிசையாக நிற்கிற இடத்தை மேலே தள்ளிக் காட்டினேன். கனகாவின் 40.75க்கு மேலேயே என் சமையலறைக் கணக்குகள் அப்படியே நின்றன. இரண்டு பெருக்கல் அடி, 600. ஒன்றரை பெருக்கல் அடி, 450. இரண்டரை பெருக்கல் அடி, 750.

"இது டாக்டரம்மா வீட்டு அலமாரி சார். சனிக்கிழமை நான் இங்க உக்காந்து போட்டது. ரெண்டு அடிக்கு எங்கயாவது அறுநூறு வருமா?"

பிறகு 'அடி'யை மறுபடி 300 ஆக்கி, 40.75 பெருக்கல் அடி என்று அடித்தேன். 12225. புள்ளி பிசகாமல் வந்து நின்றது. இந்தத் தடவை அவர்கள் கண் முன்னாலேயே 304.8க்குத் திருப்பி வைத்தேன். காலையில் நான்தான் திருத்தினேன், சொல்லாமல் திருத்தினேன், பட்டறையில் கேட்டபோதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். 'சரிபார்த்தவர்' கட்டத்தில் இருப்பது யார் கையெழுத்து என்றும் நானே ஞாபகப்படுத்தினேன். சொல்லத் தொடங்கிவிட்டால் முழுசாகச் சொல்லிவிடுவதுதான் சுலபம். பாதியில் நிறுத்துவதுதான் கஷ்டம்.

கனகா திரையில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்கக் கூடாதது மாதிரி கேட்டாள்.

"அப்ப நான் போட்டது சரிதானாக்கா?"

"சரி கனகா. நீ போட்டது அம்புட்டும் சரி."

அவள் உட்கார்ந்தாள். நெஞ்சில் கைவைத்து ஒரு பெரிய மூச்சு விட்டாள். எனக்கும் அதே மாதிரி ஒரு மூச்சு வந்தது. பட்டறையில் வந்த நிம்மதி இதற்குப் பக்கத்தில்கூட நிற்காது. அங்கே இரும்பு தப்பித்தது, நானும் அதோடு தப்பிக்கப் பார்த்தேன். இங்கே எதிலிருந்தும் தப்பிக்க வேண்டியதே இல்லை என்று ஆகிவிட்டது. உடம்பே லேசானது போல இருந்தது. வெட்கம் இல்லாமல் அழுதும் விட்டேன்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் இன்னொன்றும் கேட்டாள். "காலையில படியில பாத்தீங்களேக்கா, அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மன்னித்துக்கொள் என்று சொன்னேன். சரிக்கா என்றாள், சிரிக்காமல். இரண்டு நாள் மதியச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிட்டாள். அது அவள் உரிமை.

இப்போது புதிதாக வந்திருக்கிற உங்களுக்குச் சுருக்கமாக. நாலு பேர் புழங்குகிற எண்ணை உங்கள் அவசரத்துக்கு மாற்றாதீர்கள், புதிதாக இன்னொரு பெயர் வைத்துக்கொள்ள ஐந்து நொடி ஆகும். தப்பைக் கண்டால் திருத்துவதற்கு முன்னால் வாயைத் திறந்து சொல்லுங்கள். திருத்துகிற அவசரத்தில் நீங்கள் துடைத்துவிட்டுப் போவது இன்னொருத்தர் குற்றமில்லாதவர் என்பதற்கான சாட்சியாக இருக்கலாம். அப்புறம், சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் தயவுசெய்து சரிபாருங்கள். மெயின் சுவிட்சை இழுக்கலாமா என்று கேட்கிறீர்களா? இழுக்கலாம், செல்லப்பாண்டி அண்ணன் பட்டறை என்றால்.

சார் என்ன செய்தார் என்று சொல்லவில்லையே. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. கனகாவுக்கு மூன்று மாதம் எல்லாம் தேவையில்லை, இன்றைக்கே நிரந்தரம் என்றார். பிறகு, ஸ்டெல்லாம்மா கனகா போடுவதைப் பார்க்கட்டும், ஸ்டெல்லாம்மா போடுவதை இனிமேல் கனகா பார்ப்பாள், அவள் கையெழுத்து இல்லாமல் எதுவும் வெளியே போகாது என்றார்.

எனக்குச் சுருக்கென்றது, மறைக்கவில்லை. இரண்டு மாதம் வேலை பார்த்தவள் என்னைத் திருத்துவதா? ஆனால் வாயைத் திறக்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. அடுத்த நாள் டாக்டரம்மா வீட்டு சமையலறையை முடித்து அவள் மேசையில் வைத்தேன். சரிபார்க்க அரை மணி நேரம் போதும். அவள் சாயங்காலம் வரை வைத்துக்கொண்டாள். கால்குலேட்டரைத் திறந்து, முதலில் 'அடி' எவ்வளவு என்று பார்த்தாள். பிறகு ஒவ்வொரு அலமாரியாகக் கூட்டினாள். நான் என் நாற்காலியில் பரீட்சை எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பவள் மாதிரி நெளிந்துகொண்டிருந்தேன்.

ஐந்தரை மணிக்கு எழுந்து வந்தாள். தயங்கவில்லை, குரலும் இறங்கவில்லை. வரைபடத்தை என் முன்னால் விரித்து, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்ட ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"அக்கா, இந்தக் கதவத் திறந்தா ஜன்னல் கம்பியில இடிக்கும்."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தேன். இடிக்கும்தான்.